வறுத்தாச்சா, வறுக்கலையா?

ராயபுரம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த சேதியை வீட்டில் சொன்னேன், எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே பழைய கதைதான். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. தடைக்காலம் முடிந்து காசிமேட்டில் படகுகள் இறங்கிவிட்டன, ஆனாலும் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு மத்தி வாங்கிக்கொண்டு வருகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். "முந்திரி முந்திரிதானே, அதுக்கு எதுக்குடா இத்தனை கோடு?" என்று கேட்டிருக்கிறாய், கப்பலில் போகிற வருகிற சரக்குக்கெல்லாம் கஸ்டம்ஸில் எழுதும் ஹெச்.எஸ். கோடு எண்ணைத்தான் சொல்கிறாய். பண்ருட்டிக்காரன் நீ, உனக்கு முந்திரியைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கஸ்டம்ஸ்காரன் பார்வை வேறு. சரக்கின் பெயரைக் கேட்டதோடு அவன் விடமாட்டான். ஓடு போயிற்றா, நெருப்பு எவ்வளவு பட்டது, மேலே என்ன பூசினார்கள், இதையெல்லாம் கேட்பான்.

ஆப்பிரிக்காவிலிருந்து நீ இறக்கப்போகும் கொட்டை ஓட்டோடு வருவதால் 0801 31. உடைத்து எடுத்த பருப்பு 0801 32. அதற்குப் பிறகு வரும் இரண்டு இலக்கம் நம் நாட்டுக்கு மட்டும்: உடைசலுக்கு 10, முழுசுக்கு 20. டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று நீங்கள் பிரிக்கும் தரமெல்லாம் விலைக்குத்தான், கோடுக்கு இல்லை. பருப்பாக இறக்கினால் இன்னொரு தொல்லை இருக்கிறது. உடைசல் கிலோ 680 ரூபாய், முழுசு 720 ரூபாய் என்று 2019-ல் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். உள்ளூர்ப் பட்டறைகளைக் காப்பாற்றத்தான்.

உன் சந்தேகம் போர்மாவில், அதாவது பருப்பை உலர்த்தும் சூட்டறையில், ஏற்றுவதைப் பற்றி. தோல் உரிய வேண்டும் என்பதற்காகக் கொடுக்கும் சூடு அது, அதனால் பருப்பு வறுவல் ஆகிவிடாது. கெடாமல் இருக்கவும் பார்வையாக இருக்கவும் மிதமாகச் சூடு காட்டலாம், லேசாக எண்ணெய்கூடத் தடவலாம், உலர்ந்த கொட்டையின் குணம் போகாமல் இருந்தால் சரி என்று கஸ்டம்ஸ் வரிப் பட்டியலின் 8-ஆம் அத்தியாயக் குறிப்பிலேயே இருக்கிறது. கோடின் முதல் இரண்டு இலக்கம்தான் அத்தியாயம். நீ துபாய்க்கு அனுப்பப்போவது அப்படியில்லை. நெய்யில் வறுத்து உப்பும் மிளகும் போட்டது. அது நேராக 20-ஆம் அத்தியாயம், 2008 19 10. வறுத்த முந்திரி, உப்பிட்ட முந்திரி என்றே தனி வரி போட்டு வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சூட்டு விவகாரம் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க வேண்டுமானால் பாக்கைப் பார். வெறும் பாக்குக்கு, அதாவது 0802 80-க்கு, வரி நூறு சதவீதம். கிலோ 351 ரூபாய்க்குக் கீழே இறக்கவே கூடாது என்று 2023 பிப்ரவரியில் உத்தரவு. அந்த விலைக்கட்டு வறுத்ததுக்கு அப்போது இல்லை, உடனே எல்லாரும் 'வறுத்த பாக்கு' கொண்டுவர ஆரம்பித்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்பில் 2008-க்குக் கீழே வறுத்த பாதாம், நிலக்கடலையோடு பாக்கும் பெயர் சொல்லியே இருக்கிறது. சரக்கு வருமுன்பே எந்தக் கோடு என்று கேட்டால் சொல்லும் முன்தீர்ப்பு ஆணையம் அதைத்தான் சொன்னது, 2023-ல் நம் மெட்ராஸ் ஹைகோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

கோர்ட் சொன்னபிறகும், வந்த சரக்கு நிஜமாகவே வறுத்ததா என்ற கேள்வி மிச்சம் இருக்குமே. பரிசோதனை நடப்பதைப் பார்க்க வேண்டும் நீ. மூட்டையைக் குத்தி ஒரு கை அள்ளி மேஜையில் கொட்டுவார்கள். பாக்குவெட்டியில் வைத்து ஒரு நறுக்கு. வெளியே கருகல் வாசனை, உள்ளே வெள்ளை நரம்பு பச்சையாகச் சிரிக்கும். அப்புறம் சாம்பிளுக்கு சீல் வைத்து லேப்புக்கு அனுப்புவார்கள். ரிப்போர்ட் வரும்வரை யார்டு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் 2025 ஏப்ரலில் வறுத்த பாக்குக்கும் அதே 351 ரூபாயை வைத்து ஒரே போடாகப் போட்டுவிட்டார்கள். கோடு மாற்றி விளையாடியவர்கள் கணக்கு அதோடு பாதி முடிந்தது.

பாதாமில் ஓட்டைப் பார்த்துத்தான் வரி: ஓட்டோடு கிலோவுக்கு 35 ரூபாய், உடைத்ததுக்கு 100 ரூபாய். சௌகார்பேட்டைக்காரர்கள் கணக்குப் போடாமலா இருப்பார்கள்?

கலவை பாக்கெட்டும் போடப்போவதாக எழுதியிருந்தாய். அங்கேதான் கவனம். நிலக்கடலை கஸ்டம்ஸ் கணக்கில் கொட்டையே இல்லை, எண்ணெய் வித்து. பச்சைக் கடலை 1202, வறுத்தால் 2008 11. வறுக்காத முந்திரி, பாதாம், திராட்சை மட்டும் கலந்தால் 0813 50. அதில் ஒரு பிடி கடலை சேர்த்தால் அந்த இடம் கைவிட்டுப் போகும், 8-ஆம் அத்தியாயத்துச் சரக்குகளின் கலவைக்கு மட்டும்தான் அது. சாக்லேட் தோய்த்த பாதாம் என்றால் 1806. எனக்கென்னவோ முதல் வருஷம் முந்திரியோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்று படுகிறது.

இன்னொன்று. 2011-லிருந்து கோடு எழுதுவது நம் பொறுப்பு. அதிகாரி அன்றைக்குப் பார்த்து விட்டுவிட்டார் என்று நிம்மதியாக இருக்க முடியாது. குறைவாகக் கட்டிய வரியை இரண்டு வருஷம் வரை திரும்பக் கேட்கலாம், மறைத்ததாகத் தெரிந்தால் ஐந்து வருஷம். வட்டி தனி. ஆகவே இன்வாய்ஸில் மொட்டையாக 'கேஷ்யூ' என்று எழுதாதே. வறுத்தது, உப்பிட்டது, எத்தனை கிராம் பாக்கெட் என்று முழுசாக எழுது. துபாய் வியாபாரத்தில் முதல் ஆறு இலக்கம் அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். 2022 மே மாதத்திலிருந்து இந்தியா-அமீரக ஒப்பந்தத்தின் வரிச்சலுகை இருப்பதால், சரக்கு எந்த நாட்டுது என்று காட்டும் ஆரிஜின் சர்டிபிகேட்டில் ஒரு கோடு, ஏற்றுமதிக்கு நாம் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் இன்னொரு கோடு என்று இருந்தால், சரக்கை எடுக்கப்போகும் உன் மச்சினன் அங்கே மாட்டிக்கொண்டு முழிப்பான்.

லேபிள் டிசைனை அச்சுக்குக் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பு. பட்டறையில் என்னென்ன செய்கிறீர்கள் என்பதையும் வரிசையாக ஒரு தாளில் எழுதி அனுப்பு. நெய்யா, எண்ணெயா, வெறும் சட்டி வறுவலா என்று மறக்காமல் குறி. கோடு அதனால் மாறாது, ஆனால் லேபிளில் அது வந்தாக வேண்டும்.

அன்புடன்,
உன் ராயபுரத்தான்