திறந்த காப்பகம், மூடிய பக்கங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்டாலின் காலத்தின் நிழல் இன்றைய ரஷ்யாவில் எப்படி விழுகிறது என்று சொல்லும் த்ரில்லர் நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு அதன் ரகசியக் காப்பகங்கள் திறந்துவிட்டன, எனவே இந்தக் களத்தில் இனி மர்மம் மிச்சமில்லை என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அதை ஏற்க முடியவில்லை. தொலைந்த டைரியும் பெட்டிச் சாவியும் நாவலாசிரியர்களின் கற்பனை. உண்மையான மர்மம் ஒரு சாதாரண அட்டைக் கோப்புக்குள் இருக்கிறது.

ஸ்டாலின் ஆட்சியின் கைது வேட்டையில் 1937இல் சிக்கிய ஒருவரின் விசாரணைக் கோப்பை எடுத்துக்கொள்வோம். அட்டையில் 'என்றென்றும் பாதுகாக்க' என்ற முத்திரை. உள்ளே கைது ஆணை, வீட்டைச் சோதனையிட்ட பட்டியல், கைதியின் விவரப் படிவம், விசாரணை வாக்குமூலம், குற்றப்பத்திரிகை, 'த்ரோய்கா' தீர்ப்பிலிருந்து எடுத்தெழுதிய பகுதி. த்ரோய்கா என்றால் மூவர்: என்.கே.வி.டி. என்ற அன்றைய ரகசியக் காவல்துறையின் வட்டாரத் தலைவர், கட்சிச் செயலாளர், அரசு வழக்கறிஞர். கைதியைக் கண்ணால்கூடப் பார்க்காமல் பட்டியலை வைத்தே தீர்ப்பெழுதினார்கள். வாக்குமூலத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே கைதியின் கையெழுத்து இருக்கும். முதல் பக்கத்தில் நேராக நிற்கும் அந்தக் கையெழுத்து கடைசிப் பக்கத்தில் கோணிக் கிடப்பதைப் பல கோப்புகளில் பார்க்கலாம். இடைப்பட்ட நாட்களில் நடந்ததைக் கோப்பு எழுதி வைக்கவில்லை, கையெழுத்து சொல்லிவிடுகிறது. கடைசியில் தண்டனை நிறைவேற்றப்பட்டதாகச் சொல்லும் சின்னத் துண்டுச்சீட்டு இருக்கும். பல கோப்புகளில் அதுவும் இருக்காது. சுட்டவர்கள் கையொப்பமிட்ட நிறைவேற்றப் பத்திரங்களைத் தனித் தொகுதிகளாகக் கட்டி வைத்தார்கள். சுட்டவரின் பெயரைத் தேடுகிறவருக்கு முதல் தடை அங்கேதான்.

இனி 'திறந்த' கதைக்கு வருவோம். 1991 அக்டோபர் 18ஆம் தேதிச் சட்டம், குற்றமற்றவர் என்று பின்னாளில் அறிவிக்கப்பட்டவரின் கோப்பைப் பார்க்க உறவினருக்கு உரிமை தந்தது. (நம் மொழிபெயர்ப்புகளில் இந்த ரீஹபிலிடேஷனை 'மறுவாழ்வு' என்று எழுதிவிடுகிறார்கள். சுட்டுக் கொல்லப்பட்டவருக்கு ஏது மறுவாழ்வு? 'களங்கம் நீக்கம்' என்பதே பொருந்தும்.) களங்கம் நீக்கப்படாதவரின் கோப்பு வெளியே வராது. பின்னால் தாங்களே சுடப்பட்ட என்.கே.வி.டி. அதிகாரிகள் பலர் இந்த வகை. 2006இல் வந்த ஆணை, கோப்பு உருவாகி 75 ஆண்டு ஆகும்வரை உறவினரோ அவர்களின் அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவரோ மட்டுமே பார்க்கலாம் என்றது. உறவை நிரூபிக்கப் பிறப்பு, திருமணச் சான்றுகளைச் சங்கிலியாகக் கோத்துக் காட்ட வேண்டும். பாட்டி திருமணத்தில் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டு, அந்தச் சான்றும் தொலைந்திருந்தால் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும் பிறர் பெயர் வரும் பக்கங்களை உறைபோட்டு மூடித்தான் கையில் கொடுப்பார்கள். காட்டிக்கொடுத்தவர் யார், விசாரித்தவர் யார் என்ற கேள்விகளுக்கான விடை அந்த உறைக்குள்தான் இருக்கும். 1937இன் கோப்புக்கு 75 ஆண்டு 2012இலேயே முடிந்துவிட்டது. மறுப்புக் கடிதங்கள் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

அரசே எழுதிய பொய்யைப் போல வலுவான கதைமுடிச்சு வேறில்லை. சுடப்பட்டவரின் மனைவி என்.கே.வி.டி. அலுவலகச் சன்னலில் வந்து கேட்டால், 'கடிதப் போக்குவரத்து உரிமையின்றிப் பத்தாண்டு' என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். பத்தாண்டு முடிந்ததும் அந்த மனைவிகள் திரும்ப வந்து கேட்டார்கள். 1955இல், என்.கே.வி.டி.யின் இடத்துக்குப் பின்னாளில் வந்த கே.ஜி.பி. ஒரு ரகசிய உத்தரவு போட்டது: முகாமில் இறந்ததாகச் சொல்லுங்கள், கைதான நாளிலிருந்து பத்தாண்டுக்குள் ஒரு தேதி போடுங்கள், ஒரு நோயை எழுதுங்கள். 1937இல் சுடப்பட்டவர் 1942இல் நிமோனியாவில் இறந்தார் என்று அரசு முத்திரையுடன் மரணச் சான்று வீட்டுக்கு வந்தது. உண்மைத் தேதியும் 'சுடப்பட்டார்' என்ற சொல்லும் எழுதிய சான்று கிடைக்க 1980களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரே மனிதருக்கு இரண்டு மரணச் சான்றுகள் ஒரே அலமாரியில் கிடக்கும் வீடுகள் அங்கே உண்டு. 1937, 1938 இரண்டே ஆண்டுகளில் சுடப்பட்டவர்கள் அரசின் சொந்தக் கணக்கில் 6,81,692 பேர்.

நாவலாசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது வடமேற்கு ரஷ்யாவில் கரேலியாவின் சாந்தர்மோக் காட்டு வழக்கு. சோலோவ்கித் தீவுச் சிறையிலிருந்து கொண்டுபோன 1,111 பேரை 1937 அக்டோபர் 27க்கும் நவம்பர் 4க்கும் இடையே அங்கே சுட்டார்கள். சுடும் பொறுப்பில் இருந்தவர் மிகயில் மத்வேயெவ் என்ற கேப்டன். 1939இல் அவர்மேலேயே ஒரு வழக்கு வந்தது. அறுபது ஆண்டு கழித்து இடத்துக்கு வழி காட்டியதும் அந்த வழக்குக் கோப்புதான். 1997 ஜூலையில் வரலாற்று ஆய்வாளர் யூரி திமித்ரியேவும், ஸ்டாலின் கால ஒடுக்குமுறையை ஆவணப்படுத்திய 'மெமோரியல்' அமைப்பைச் சேர்ந்த வெனியாமின் யோஃபே, இரினா ஃப்ளீகே இருவரும் மெத்வேஷிகோர்ஸ்க் அருகே காட்டுக்குள் போனார்கள். மரங்களுக்கிடையே தரை நீள்சதுரம் நீள்சதுரமாக உள்வாங்கிக் கிடந்தது. உடல்கள் மட்கிச் சுருங்கும்போது மேலே இருக்கும் மணல் இறங்கிவிடும். அறுபது ஆண்டுப் பாசி படர்ந்தாலும் அந்தப் பள்ளம் மறையாது. அப்படி 236 குழிகள்.

கதை 1937இல் முடியவில்லை என்பதற்கு அதன் தொடர்ச்சியைப் பாருங்கள். திமித்ரியேவ் 2016 டிசம்பரில் கைதானார். மனித உரிமை அமைப்புகள் ஜோடனை என்று கண்டித்த வழக்கில் 2021 டிசம்பர் 27 அன்று அவரது சிறைத்தண்டனை 15 ஆண்டாக உயர்ந்தது. மறுநாளே மெமோரியல் அமைப்பைக் கலைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இதற்கிடையே 2018, 2019இல் அதே காட்டில் வேறொரு குழு மண்ணைத் தோண்டி, இங்கே கிடப்பவர்கள் போர்க்காலத்தில் ஃபின்லாந்துப் படையிடம் சிக்கி இறந்த சோவியத் கைதிகளும்தான் என்று நிறுவப் பார்த்தது. எலும்பு யாருடையது என்பதில் இன்றைக்கும் சண்டை நடக்கும் இடத்தில் மர்மம் தீர்ந்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

கட்டுரையில் திருத்த வேண்டியவை இரண்டு. 1937இன் காவலர்களைக் 'கே.ஜி.பி.காரர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். கே.ஜி.பி. 1954 மார்ச்சில்தான் பிறந்தது. அப்போது இருந்தது என்.கே.வி.டி. அடுத்தது, சுடும் பொறுப்பில் இருந்தவரைக் குறித்த 'வெறும் கேப்டன்' என்ற சொல். அன்றைய அரசுப் பாதுகாப்புத் துறையின் கேப்டன் ராணுவத்தின் கர்னலுக்குச் சமம். அதை விட்டுவிட்டால், ஆயிரம் பேரைச் சுடும் பொறுப்பு ஒரு கேப்டனிடம் எப்படி வந்தது என்பது வாசகருக்குப் புரியாது. கட்டுரை நூலாகும்போது இவ்விரண்டையும் சரிசெய்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி