துணிக்கடை வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு

புது வீட்டின் சன்னல்களுக்கு என் கையாலேயே திரைச்சீலை தைக்க வேண்டும் என்ற ஆசையில், சன்னலின் அகலமான 120 சென்டிமீட்டர் அளவுக்கே துணி போதும் என்று நம்பி வரிசையில் நின்றிருந்தபோது, என் கையிலிருந்த தாளைக் கவனித்த நீங்கள், "திரை மாட்டும் கம்பியை அளந்தீர்களா?" என்று மெல்லக் கேட்டீர்கள். நான் அளந்திருக்கவில்லை.

கம்பி சன்னலின் இருபுறமும் 15 சென்டிமீட்டர் நீண்டிருந்தால் 150 ஆகும் என்றும், மடிப்புகள் அழகாக விழ அதில் இரண்டு மடங்கு, அதாவது 300 சென்டிமீட்டர் அகலத்துக்குத் துணி வேண்டும் என்றும் அந்தத் தாளின் பின்புறம் பொறுமையாக எழுதிக் காட்டினீர்கள். பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கிவிடும் என்பதால், நனைத்து உலர்த்திய பின்பே வெட்டச் சொன்னீர்கள். உங்கள் முறை வந்தபோதும், அடுத்தவரை முன்னே அனுப்பிவிட்டு என்னுடனேயே நின்றீர்கள். அதை நினைத்தால் இப்போதும் மனம் நெகிழ்கிறது.

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் உதவியது, கீழ் விளிம்பை உடனே தைத்துவிடாமல் குண்டூசி குத்தி இரண்டு நாள் தொங்கவிடுங்கள் என்று நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான். ஒரு திரை தன் எடையிலேயே ஒரு சென்டிமீட்டர் இறங்கியது. அவசரப்பட்டுத் தைத்திருந்தால் அது தரையில் புரண்டிருக்கும்.

உங்கள் பெயரைக் கேட்கத் தவறிவிட்டேன், அம்மா. நீங்கள் எழுதிய தாள் என் தையல் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது; நான்கு சன்னல்களிலும் திரைகள் தொங்குகின்றன. மனமார்ந்த நன்றி.