ஹார்பர்ல சொக்லட் பெட்டியத் திறந்துபோட்டுச் சாப்பாட்டுக்கு எழும்பிப் போற ஐயாமாருக்கு ஒரு திறந்த மடல்

ஹார்பர்ல இறக்குமதிச் சாப்பாட்டுச் சாமானைச் செக் பண்ணுற மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் மேடம்மாருக்கும்,

கொழும்புப் புறக்கோட்டையில சின்னதா ஒரு மொத்தக் கடை வச்சு வெளிநாட்டுச் சொக்லட், டொஃபி, வேஃபர் இறக்கி விக்கிறவன் எழுதுறன். என்ன விசயம் எண்டு உங்களுக்கு நல்லாத் தெரியும், ஹார்பர்ல எங்கட சாமானை வெளியில எடுத்துத் தாற வாஃப் கிளார்க் தந்த கடிதம் உங்கட மேசையில எங்கயாவது கிடக்கும். பதில் வராததாலதான் நாலு பேர் பாக்க எழுதவேண்டி வந்திட்டுது, கோவிக்காதேங்கோ.

செக் பண்ண வேண்டாம் எண்டு நான் சொல்லேல்ல. 1980ஆம் ஆண்டு உணவுச் சட்டம் இருக்கு, சின்னப் பிள்ளையள் தின்னுற சாமான், கட்டாயம் பாக்கத்தான் வேணும். நான் கேக்கிறது ஒண்டே ஒண்டு: குளிர்க் கொன்டெய்னர்ல வந்த சொக்லட்டைத் திறந்தா அண்டைக்கே பாத்து முடிச்சுக் கதவைச் சாத்துங்கோ. பாக்க ஆளில்லாட்டித் திறக்கவே வேண்டாம்.

இந்த முறை நடந்ததைப் பாருங்கோ. கப்பல்ல வந்த வழி முழுக்க 18 பாகையில இருந்த சாமான், காலமை கதவைத் திறந்து முன்வரிசைப் பெட்டியெல்லாத்தையும் யார்ட்ல இறக்கி வச்சாச்சு, லேபல் பாக்க வேண்டியவரை வேற கொன்டெய்னருக்குக் கூப்பிட்டினம், பிறகு சாப்பாட்டு நேரம், பிறகு மீட்டிங், பின்னேரம் "நாளைக்குப் பாப்பம்" எண்டாச்சு. கொக்கோ பட்டர் 34 பாகையிலயே உருகிப்போகும், கொழும்பு வெயில்ல அந்தத் தார்த் தரை என்ன சூடு எண்டு செருப்பக் கழட்டி வச்சுப் பாத்தாத் தெரியும். இரவு திரும்பக் குளிருக்க ஏத்தினா உருகினது இறுகும்தான், ஆனா கொழுப்புப் பிரிஞ்சு மேல வந்து வெள்ளை வெள்ளையாப் படியும்.

இதில பெரிய பகிடி என்னெண்டா சாமான் பாஸ்! ஒரு பிழையும் இல்லை எண்டு சீல் குத்தித் தந்தினம். உறையும் பளபளப்பா அப்பிடியே இருக்கு, உரிச்சாத்தானே தெரியும். வெள்ளவத்தைக் கடைக்காரர் ஒருத்தர் பெட்டியோட திருப்பி அனுப்பி "அண்ண, பூஞ்சணம் பிடிச்ச சாமான் தந்திருக்கிறீங்கள், சனம் என்னோட சண்டைக்கு வருது" எண்டார். பூஞ்சணம் இல்ல தம்பி, கொழுப்பு, தின்னலாம் எண்டு நான் ஃபோன்ல விளக்கம் குடுக்க, பிள்ளைக்கு வாங்கின தாய்க்கு ஆர் விளங்கப்படுத்துறது? இன்சூரன்ஸ்காரர் தாமதத்தால வந்த நட்டத்துக்குக் காசு இல்லை எண்டு பொலிசியில இருக்கிற நிபந்தனையைக் காட்டினார். சாமான் ஹார்பர்ல பிந்திக் கிடந்ததுக்கு அறவிடுற டெமரேஜ் பில் மட்டும் பிந்தாம வந்தது.

எங்கட நாட்டில மொத்தமே ரெண்டு கோடிச் சொச்சம் சனம், அதில வெளிநாட்டுச் சொக்லட் வாங்கிறவை எத்தின பேர்? எங்களுக்கெண்டு உறை அடிச்சுத் தா எண்டா ஃபக்டரிக்காரன் சிரிப்பான், அதாலதான் லேபல் விவரத்தை நாங்கள் ஸ்டிக்கரா ஒட்டுறம், அதுக்கு மேல சீனி உப்பு கொழுப்பு எவ்வளவு எண்டு காட்டுற சிவப்பு மஞ்சள் பச்சை அடையாளம். பெரிய கொம்பனிக்கு ஒண்டு பழுதாப்போனா அடுத்தது வரும், எங்களுக்கு நத்தாருக்கு ஒரு கொன்டெய்னர்தான், அது போனா அந்த வருசமே போச்சு. துறைக்கு வரேக்க சாமான் பழுதாகாம இருக்கிற ஆயுள்ல 60 வீதம் மிச்சம் இருக்கோணும் எண்டு விதி இருக்கு, அதுக்கெண்டே புதுசாச் செய்த சாமானாப் பாத்துக் கூடக் காசு குடுத்து எடுக்கிறம், எடுத்து என்ன, வந்த பிறகு உங்கட யார்ட்ல கிடந்து போற நாளுக்கு விதி ஒண்டும் இல்லையாம்.

2022 ஓகஸ்ட்ல டொலர் இல்லை எண்டு 300 சாமான் மட்டில இறக்க விடாம அரசாங்கம் நிப்பாட்டினது, சொக்லட்டும் அதுக்க. சரி எண்டு உள்ளூர்ச் சொக்லட்டான கண்டோஸும் ரிட்ஸ்பரியும் எடுத்து வித்துக் கடையை இழுத்தம். பிறகு 2024 டிசம்பர்ல கொக்கோ டொன் 12,000 டொலரைத் தாண்டிச்சுது, அதையும் தாங்கினம். வரி, வற் 18 வீதம், எல்லாம் கட்டுறம். ஆனா சூட்கேஸ்ல வாற டுபாய்ச் சொக்லட்டுக்கு இது ஒண்டும் இல்லை, ஸ்டிக்கர் இல்லை, திகதி பாக்க ஆளில்லை, எங்கட கடைக்கு ரெண்டு கடை தள்ளி எங்களை விட மலிவா அடுக்கியிருக்கு. நானும் பேசாம அடுத்த முறை கொன்டெய்னரை சூட்கேஸ் சூட்கேஸாப் பிரிச்சுக் கொண்டு வரட்டோ? ஒழுங்காக் கட்டுறவன்தான் வெயில்ல நிக்கோணும் எண்டா அதையாவது எழுதித் தாங்கோ.

சரி, கோவத்தில கதை எங்கயோ போட்டுது. தயவாக் கேக்கிறன். திறந்தா அண்டைக்கே முடியுங்கோ. முடியாட்டி மாதிரிக்கு ரெண்டு மூண்டு பெட்டிய எடுத்துக்கொண்டு உடனே கதவைச் சாத்தி பிளக்கைக் குத்துங்கோ, அந்த மாதிரிப் பெட்டியளுக்கான காசையும் நாங்களே பொறுக்கிறம். பெட்டி இறக்கி வைக்கிற இடத்தில ஒரு நிழலும் போட்டுத் தந்தா இன்னும் புண்ணியம். நத்தார்ச் சாமானுக்கு ஓடர் போடுறதோ விடுறதோ எண்டு இந்த மாத முடிவுக்குள்ள நான் ஃபக்டரிக்குச் சொல்லோணும், அதுக்கு முதல் ஒரு பதில் தாங்கோ.

இப்படிக்கு,
புறக்கோட்டைச் சின்ன இறக்குமதிக்காரன்