பெரியவளின் மேற்படிப்பு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே கண்மாயில் மடைப் பழுது பார்க்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்று பகலெல்லாம் கரையிலேயே கிடந்தேன். நேற்று ராத்திரி நல்ல மழை. வரத்துக்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று காலையில் ஊர்ப் பிள்ளைகள் ஓடி வந்து சொன்னார்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உன் பெரிய மகள் இங்கிலாந்துக்குப் போய் சமூக வளர்ச்சித் துறையில் முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள், 32 லட்சம் கடன் வாங்க வேண்டியிருக்கும், வீட்டுப் பத்திரத்தை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். கட்டாயம் படிக்கட்டும், ஆனால் இந்த வருடம் வேண்டாம். பத்திரத்தை வைக்காதே.

நாம் படித்து வந்த காலத்தில் வெளிநாட்டுப் பட்டம் ஒன்று இருந்தால் டெல்லியில் ஏதாவது ஒரு பெரிய அமைப்பில் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த வேலைகளுக்குப் பணம் எங்கிருந்து வந்ததோ, அந்த ஊற்றே இப்போது வற்றிக்கொண்டிருக்கிறது. 1961-இல் தொடங்கிய அமெரிக்க அரசின் உதவி அமைப்பான யுஎஸ்எய்டு 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு வெளிநாட்டு உதவி வழங்குவதை நிறுத்திக்கொண்டது. அதற்கு முன்பே அதன் திட்டங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ரத்தாகியிருந்தன. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை வெளிநாட்டு உதவிக்கு ஒதுக்கி வந்தது. 2021-இல் அது 0.5 ஆனது, 2027-இல் 0.3 ஆகப் போகிறது. இருபது வருடம் அனுபவமுள்ளவர்களே வேலை தேடி அலைகிறார்கள். போன மாதம் எங்களிடம் ஒரு பெண் நேர்காணலுக்கு வந்தாள். லண்டனில் படித்தவள், கெட்டிக்காரி. நாங்கள் தரக்கூடிய சம்பளம் அவளுடைய கடன் தவணைக்கே போதாது. அவள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அமைதியாக எழுந்து போனாள். அந்த முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஐநா வேலை பற்றியும் கேட்டிருந்தாய். இளநிலை அதிகாரிகளை எடுக்கிற ஜேபிஓ திட்டத்தில் பெரும்பாலான இடங்கள், அதற்குப் பணம் கொடுக்கும் நாடுகளின் குடிமக்களுக்குத்தான். நம் பிள்ளைகளுக்கு ஐநா தன்னார்வலர் வழி இருக்கிறது. அதற்கும் அனுபவம் உள்ளவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

சரி, பண விஷயத்தை விடு. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறு. காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது கிராமத்தில் தங்கி முகாம் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மந்தையில் கோலப்பொடியால் ஊர்ப் படம் போடச் சொன்னோம். பெண்கள் எவ்வளவு அழகாகப் போட்டார்கள்! கோவில், டேங்க், பள்ளிக்கூடம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புளியங்கொட்டை. நான் சந்தோஷமாக நோட்டில் வரைந்துகொண்டிருந்தேன். நீதான் எழுந்து நின்று, "வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் புகை தெரியுதே, அங்க யாரு இருக்காங்க?" என்று கேட்டாய். கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தப் பக்கம் 11 வீடு இருந்தது. ஊர்ப் படத்தில் ஒன்றுகூட இல்லை. சாயங்காலம் நாம் இருவரும் வாய்க்காலைத் தாண்டிப் போய், அவர்கள் வாசலில் இன்னொரு படம் போடச் சொன்னோம். அந்தப் படத்தில் முதலில் வந்தது தண்ணீர்க் குழாய் இல்லாத தெரு.

மக்களே படம் போட்டு, மக்களே வரிசைப்படுத்துகிற இந்த முறையை உலகம் முழுக்க எடுத்துப் போனவர்களில் முக்கியமானவர் ராபர்ட் சேம்பர்ஸ். அவர் இருந்த, இங்கிலாந்தின் சசெக்ஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்துக்குத்தான் நானும் பிறகு படிக்கப் போனேன். ஆனால் அது ஒன்பது வருட வேலைக்குப் பிறகு. அங்கே வகுப்பில் "பங்கேற்பு என்ற பெயரில் யார் விடுபட்டுப் போகிறார்கள்" என்ற விவாதம் வந்தபோது எனக்கு அந்த 11 வீடுதான் கண்ணில் வந்தது. எனக்குச் சொல்ல ஒன்று இருந்தது. நேராகக் கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைகள் நிறையப் படித்திருந்தார்கள், நன்றாக எழுதினார்கள். ஆனால் எதைக் கேட்பது என்று தெரியாமல் தவித்தார்கள்.

அதே வகுப்பில் டாக்காவிலிருந்து வந்த ஒருவர் பிராக் என்ற வங்கதேசத் தொண்டு அமைப்பின் கதையைச் சொன்னார். 1980-களில் வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம். பிராக்கின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கரைசல் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பத்து வருடத்தில் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல். எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று பார்த்துச் சம்பளம் தரவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பார். அதை வைத்துத்தான் சம்பளம். அப்படியும் முதலில் சொற்பப் பேர்தான் கரைசலைப் பயன்படுத்தினார்கள். ஏன் என்று விசாரித்தால், கற்றுக்கொடுத்த பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை! தங்களுக்கு வந்தால் மாத்திரைதான் போட்டுக்கொண்டார்கள். அதைச் சரிசெய்த பிறகுதான் விஷயம் பிடித்தது. இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த பாடங்களிலேயே பெரிய பாடம் இதுதான். பிராக்கைத் தொடங்கிய பசுலே ஹசன் அபேத் கப்பல் கட்டுமானம் படிக்கப் போய்க் கணக்காளர் ஆனவர். 1970 புயலும் 1971 போரும்தான் அவரை இந்தப் பக்கம் இழுத்தன. லண்டனில் இருந்த வீட்டை விற்று நிவாரணம் செய்தார்.

அதனால் பெரியவளிடம் இப்படிச் சொல். நம் நாட்டிலேயே படிக்க வேண்டுமானால் நம் காந்திகிராமம் இருக்கிறது. டாடா சமூக அறிவியல் நிறுவனத்துக்கு மகாராஷ்டிரத்தின் துல்ஜாபூரில் கிராமப்புற வளாகம் உண்டு. குஜராத்தின் ஆனந்தில் அமுல் குரியன் 1979-இல் தொடங்கிய இர்மா என்ற ஊரக மேலாண்மை நிறுவனம் இருக்கிறது. அங்கே கூட்டுறவும் நிர்வாகமும் அழுத்தமாகச் சொல்லித்தருவார்கள், வேளாண்மை படித்த இவளுக்குப் பொருந்தும். பெங்களூர் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் வீட்டு வருமானத்தைப் பார்த்துக் கட்டணத்தைக் குறைக்கிறது.

வெளிநாடுதான் வேண்டும் என்றால் பிரிட்டன் அரசு தருகிற செவனிங் உதவித்தொகைக்கு முயற்சி செய்யட்டும். இரண்டு வருடம், அதாவது 2,800 மணி நேரம் வேலை அனுபவம் கேட்கிறார்கள். முடித்ததும் ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். எனக்கு அந்த நிபந்தனை பிடித்திருக்கிறது. ஐரோப்பாவில் முதுகலை படிக்க எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை இருக்கிறது, மாதம் 1,400 யூரோ தருகிறார்கள்.

வேலை இல்லாமல் போய்விடுமோ என்று பயப்படாதே. அரசின் ஊரக வாழ்வாதார இயக்கத்தில் ஆள் எடுக்கிறார்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அங்கேயும் ஆள் தேவை. மகளிர் குழுவின் தீர்மான நோட்டை வாசித்து, குழுவுக்குள் கொடுத்த கடன் எங்கே நிற்கிறது, யார் மூன்று மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை என்று பிடிக்கத் தெரிந்தவர்களை இன்றைக்கும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் உன்னிடம் சொல்வது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. வகுப்பில் நல்ல கண் உனக்குத்தான் இருந்தது. கல்யாணம், பள்ளிக்கூட வேலை என்று நீ போன பிறகு பல ஊர்க்கூட்டங்களில், நீ இருந்தால் என்ன கேட்டிருப்பாய் என்று யோசித்திருக்கிறேன்.

தீபாவளி கழிந்ததும் பெரியவளை ஒரு மாதம் இங்கே அனுப்பு. என் வீட்டில் மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது. கண்மாய்ச் சங்கத்தில் யாருக்கு எத்தனை முறைத் தண்ணீர் என்று பேசுகிற கூட்டம் தை மாதம் வரை நடக்கும், அவள் உட்கார்ந்து கேட்கட்டும். நீயும் கொண்டுவிட வருகிற சாக்கில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போ. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் ரயிலில் ஏறினால் போதும், ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன். வரும்போது சின்னாளபட்டிச் சுங்குடி ஒன்று வாங்கி வா, பச்சையில்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் தோழி