புளியரைச் சாலைத் தூசியை எடை போட்டுப் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்காசி மாவட்டத்திலிருந்து புளியரை சோதனைச்சாவடி வழியாகக் கேரளத்துக்கு ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிச் செல்லும் கனரக லாரிகளைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. அதிக பாரமும் போக்குவரத்து நெரிசலும் பேசப்படும் அளவுக்கு, அந்த லாரிகள் கிளப்பும் தூசி பேசப்படுவதில்லை. யாராவது பேசினாலும், காற்றின் தரம் நன்றாக இருப்பதாகச் செல்போனே காட்டுகிறதே என்று வாயடைத்துவிடுகிறார்கள்.

அளவீட்டு நிலையம் அருகில் இல்லாத ஊர்களுக்குச் செயலிகள் காட்டும் எண், பெரும்பாலும் செயற்கைக்கோள் பதிவையும் கணினிக் கணிப்பையும் கொண்டு பல கிலோமீட்டர் பரப்புக்குப் பொதுவாகப் போடப்படுவது. சாரல் காலத்தில் மலைமேல் மேகம் கவிந்துவிட்டால் செயற்கைக்கோளுக்கும் கண் மறைந்துவிடும். சாலையோரத்தில் எழுந்து அங்கேயே படியும் கல்தூசி அந்தக் கணக்கில் சிக்க வழியில்லை.

தூசியை அளக்கும் விலை குறைந்த லேசர் கருவியை வாங்கி மாட்டலாம் என்று சில இளைஞர்கள் முன்வருகிறார்கள். ஆர்வம் பாராட்டுக்குரியது, கருவிதான் நம் ஊர்ப் பருவநிலைக்கு ஒத்துவராது. துகள்களில் பட்டுச் சிதறும் ஒளியைக் கொண்டே அது கணக்கிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்களில் நுண்துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடுவதால், அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். சாலை காய்ந்து கிடக்கும் மாதங்களிலோ, கல்தூசியின் பருத்த துகள்களைச் சரியாகப் பிடிக்க முடியாமல் குறைத்துக் காட்டும். மழையில் வீணாகப் பயமுறுத்தி வெயிலில் வீணாகத் தைரியம் சொல்லும் கருவியை வைத்து எந்த அதிகாரியிடம் வாதாடுவது?

வடிகட்டித் தாளை எடை போட்டு, அதன் வழியே 24 மணி நேரம் காற்றை இழுத்து, ஈரப்பதத்தைச் சீராக்கியபின் மீண்டும் எடை போடும் முறைதான் இங்கே தேவை. தேசியக் காற்றுத்தரக் கண்காணிப்புத் திட்டத்தில் வாரம் இருமுறை, ஆண்டுக்கு 104 நாட்கள் இவ்வாறு அளக்க வேண்டும் என்பது விதி. 10 மைக்ரானும் அதற்குக் குறைவான அளவும் உள்ள துகள்கள் ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் தரநிலை சொல்கிறது. தாளில் படிந்ததை ஆய்வகத்துக்கு அனுப்பினால், நுரையீரலைக் கெடுக்கும் படிக சிலிக்கா அதில் எவ்வளவு என்பதும் தெரியவரும். எந்தச் செயலியும் இதைச் சொல்லாது.

தார்ப்பாய் போட்டுவிட்டால் போதும் என்பதும் சரியன்று. கழுவிய எம் சாண்டை ஈரத்தோடு ஏற்றுவதால், லாரியின் பின்கதவு இடுக்கு வழியாகச் சேறு வழியெங்கும் ஒழுகுகிறது. அது காய்ந்ததும் அடுத்தடுத்து வரும் சக்கரங்கள் மாவாக அரைத்துக் கிளப்புகின்றன. சாலையோர டீக்கடையில் வடை வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியை விரலால் தடவிப் பார்த்தால் போதும், சாம்பல் நிறத்தில் ஒட்டும்.

எனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தென்காசியில் ஏதோ ஓர் அலுவலக மாடியில் அல்லாமல், புளியரையில் சாலையோரக் குடியிருப்புகளுக்கு நடுவே கருவியை வைத்து, சாரல் காலத்திலும் கோடையிலும் அளக்க வேண்டும். பருவத்துக்கேற்பக் காற்று திசை மாறுவதால், அதே நாட்களில் எல்லைக்கு அந்தப் பக்கமுள்ள ஆரியங்காவிலும் அளக்கும்படி கேரள வாரியத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. கிடைக்கும் அளவுகளை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட ஏற்பாடு செய்யுமாறு மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புளியரை, தென்காசி மாவட்டம்.