மூன்று சுண்டு அரிசியும் அணிநயப் புள்ளியும்

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு பதிப்பில் வெளிவரும் கவிதைப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகத் தவறாது வாசித்து வருபவன் என்ற உரிமையிலும், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பாடசாலைகளில் தமிழ் கற்பித்தவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன். அப்பக்கத்தில் வரும் கவிதைகளில் பெரும்பாலானவற்றில் கண்ணீர், வலி, ரணம், இதயம் ஆகிய நான்கு சொற்களும் மாறிமாறி வருகின்றன. ஆனால் அழுதவர் யார், எந்த வாசலில் நின்று அழுதார், அப்போது அடுப்பில் என்ன இருந்தது என்பவை தெரிவதில்லை. இளையவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கவிதையை அவர்களுக்கு இப்படிக் கற்பித்தவர்கள் நாங்கள்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆழிப்பேரலை நினைவையொட்டி மாணவரிடையே நடத்தப்பட்ட கவிதைப் போட்டியொன்றில் நடுவர் மூவரில் ஒருவனாக இருந்தேன். 2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் ஆகக்கூடிய உயிரிழப்பைச் சந்தித்தது எங்கள் மாவட்டமே ஆகையால், எழுதிய பிள்ளைகளிற் பலருக்கு அது பாடப்புத்தகச் செய்தியன்று, வீட்டுக்குள் இருக்கும் கதை. எனினும், வந்த தாள்களில் அநேகமானவை கடலை அன்னையே என்று விளித்து, ஏன் கொன்றாய் என்று கேட்டு, கண்ணீரில் முடிந்தன. ஒரு மாணவியின் தாள் மட்டும் வேறாக இருந்தது. அவளுடைய அம்மம்மா நாளாந்தம் மூன்று சுண்டு அரிசி அளந்து உலையில் இடுகிறார். வீட்டில் இருப்பவர்கள் இருவர். மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி வைக்கிறார். விடிந்ததும் அதைக் கோழிகளுக்கு வைக்கிறார். மறுநாளும் மூன்று சுண்டுதான் அளக்கிறார். அவ்வளவே. கடல் என்ற சொல்லே அதில் இல்லை. மற்ற நடுவர் இருவரும் அதற்கு மிகக் குறைந்த புள்ளியே இட்டனர். புள்ளித்தாளில் அணிநயம் என்ற கூட்டில் எழுத ஒன்றுமில்லை என்றார் ஒருவர். உணர்ச்சி போதாது என்றார் மற்றவர். நான் நெடுநேரம் வாதாடியும் பயனில்லை.

உணர்ச்சி போதாது என்ற அந்தத் தீர்ப்பு என்னைத் தொல்காப்பியத்தில் உணர்ச்சி வெளிப்பாட்டைப் பேசும் மெய்ப்பாட்டியலை மீண்டும் எடுத்துப் பார்க்க வைத்தது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் தொல்காப்பியர் அத்தோடு நின்றுவிடாமல், ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்பதையும் நிரைப்படுத்துகிறார். அழுகைக்கு அவர் சொல்லும் நிலைக்களன்கள் இளிவு, இழவு என்னும் இழப்பு, அசைவு, வறுமை ஆகிய நான்கு. அழுகையின் பெயரைச் சொல்வதைவிட அது பிறந்த இழவைக் காட்டுவதே கவிஞனின் வேலை என்று நான் இதற்குப் பொருள் கொள்கிறேன். உரைகாரர்கள் என்னை மன்னிப்பார்களாக. அந்தப் பிள்ளை காட்டிய மூன்றாவது சுண்டு அந்த இழவு.

இதே வேலையைப் பாரி மகளிர் பாடியதாக வரும் புறநானூற்று 112ஆம் பாடல் ஐந்தே அடிகளில் செய்துவிடுகிறது. 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில், எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்' என்று தொடங்கி, 'இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவில்' என்று திரும்பி, குன்றையும் கொண்டார், எந்தையும் இலமே என்று முடிகிறது. நிலவு அதே நிலவு. சொற்களும் ஏறத்தாழ அதே சொற்கள். அற்றை இற்றையாகிறது, அவ் இவ்வாகிறது. அந்த இரண்டு எழுத்து மாற்றத்துக்குள் ஒரு நாடும் ஒரு தகப்பனும் போய்விடுகிறார்கள். நான் பல ஆண்டுகள் கற்பித்த பின்னரே கவனித்த இன்னொன்றும் அதில் உண்டு. முதலில் தந்தையைச் சொல்லிப் பின்னர் குன்றைச் சொல்லும் அப்பெண்கள், இழந்ததைச் சொல்லும்போது குன்றை முன்னே வைத்துத் தந்தையைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். சொல்ல முடியாததைச் சொல்லாமல் தள்ளித்தள்ளிப் போட்டு, இனி வேறு சொல் இல்லை என்ற இடத்தில் 'இலமே' என்கிறார்கள். போரில் வெல்ல முடியாத பாரியை வஞ்சனையால் வீழ்த்திய மூவேந்தரை 'வென்றெறி முரசின் வேந்தர்' என்று குறிப்பிடுவதில் உள்ள ஏளனத்தைத் தனியே விளக்கத் தேவையில்லை. இதை நாங்கள் வகுப்பில் எப்படிக் கற்பித்தோம்? திணை பொதுவியல், துறை கையறுநிலை என்று குறிப்பெழுதக் கொடுத்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போனோம்.

ஏட்டுக் கல்வி பெறாத எங்கள் கிராமத்துப் பெண்களுக்கும் இந்த வித்தை தெரிந்திருந்தது. மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதிகளில் கவி என்று வழங்கும் நாட்டார் பாடல்களில், தனக்குப் பேசிவந்த மாப்பிள்ளையின் தலையை ஒருத்தி, 'கச்சான் அடித்தபின்பு காட்டில் மரம் நின்றதுபோல், உச்சியில நாலுமயிர் ஓரமெல்லாம் தான்வழுக்கை' என்று வருணிக்கிறாள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றில் மேனி வறண்டு, பற்றைகள் காய்ந்து கிடக்கும் வெளியைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கன்றி இந்த உவமை வாய்க்காது. கேட்பவர் சிரிக்கிறார்; அவளும் சிரித்துக்கொண்டுதான் பாடுகிறாள்; ஆனால் ஒரு கிழவனுக்கு வாழ்க்கைப்பட நேருமோ என்ற அச்சம் அந்த நகைக்குக் கீழே கிடக்கிறது. ஓடைத் தண்ணீரில் தும்பி விழும், தூசி விழும், வீட்டுக்கு வந்தால் குளிர்ந்த தண்ணீர் தருவேன் என்று மச்சானை அழைக்கும் இன்னொருத்தி தண்ணீரைப் பற்றி மட்டுமா பேசுகிறாள்? சொன்னதற்குள் சொல்லாத பொருளை வைக்கும் உத்திகளை இறைச்சி என்றும் உள்ளுறை என்றும் பரீட்சைக்கு மனனம் செய்யும் பிள்ளை, தன் மூத்தம்மாவின் வாயிலேயே அவை இருந்தன என்பதை அறியாமலே பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறுகிறது.

அச்சில் வந்த கவிதையிலும் எங்கள் மண்ணுக்கு முன்மாதிரிகள் குறைவல்ல. 1931இல் பெரியநீலாவணையிற் பிறந்து 1975இல் மறைந்த நீலாவணன், 'ஓ வண்டிக்காரா' என்ற பாடலில், பொழுது சாயுமுன் ஓட்டும்படி வண்டிக்காரனை அவசரப்படுத்துவதோடு சரி. அது எந்த வண்டி, எந்தப் பொழுது என்பதை வண்டி ஓடும் தாளத்தோடு சேர்த்து நம்மிடம் விட்டுவிடுகிறார். கல்முனையைச் சேர்ந்த எம்.ஏ.நுஃமான், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றி எழுதிய 'புத்தரின் படுகொலை'யில் ஒரு சாபச் சொல்லும் இல்லை. கனவில் புத்தர் சுடப்படுகிறார். கொன்றவர்களும் அமைச்சர்களும் அதைப் பற்றி ஓர் அலுவலக விடயத்தைப் பேசுவதுபோலப் பேசுகிறார்கள். பின்னர் நூல்களை அடுக்கி எரிக்கிறார்கள். அந்தக் குரலின் குளிர்ச்சிதான் வாசிப்பவனைச் சுடுகிறது. அவர் கோபத்தைத் தம் வாயாற் சொல்லியிருந்தால், அது அவருடைய கோபமாகவே நின்றிருக்கும்.

உணர்ச்சியை வெளிப்படையாகச் சொல்லவே கூடாது என்று நான் வாதிடவில்லை. காரைதீவு தந்த சுவாமி விபுலாநந்தர், 'வெள்ளைநிற மல்லிகையோ வேறெந்த மாமலரோ' என்று கேட்டு, கடைசியில் 'உள்ளக் கமலமடி' என்று நேராகவே சொல்லிவிடுகிறார். ஆனால் அந்த விடைக்கு முன்னர் நம்மை மலர் மலராகத் தேட வைத்துவிட்டார் என்பதையும் மறக்கக்கூடாது. ஒப்பாரியும் அப்படித்தான். நெஞ்சில் அடித்து அழும் பெண்ணும், இறந்தவர் உழுத வயலையும், கட்டிய தோணியையும், கடைசியாகக் கேட்ட கோப்பைத் தேநீரையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லித்தான் அழுகிறாள்.

ஆகவே தங்களிடம் எனக்கு இரு வேண்டுகோள்கள் உண்டு. கவிதைப் பக்கத்தின் ஒரு மூலையிலாவது, மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் வாழும் முதியவர்களிடமிருந்து மாணவர்கள் கேட்டெழுதி அனுப்பும் கவிகளை, ஊர்ப் பெயரோடும் அவை பாடப்பட்ட சந்தர்ப்பத்தோடும் வெளியிடுங்கள். அடுத்து, பிரசுரத்துக்குத் தகுதியற்றவை என்று ஒதுக்கப்படும் எளிய கவிதைகளை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். அந்தப் போட்டி முடிந்து சில வாரங்களின் பின்னர், அம்மாணவியின் தாளைப் பிரதி எடுத்துக்கொள்வதற்காகக் கேட்டுப் போனேன். பரிசு பெறாத தாள்கள் எல்லாவற்றையும் கட்டிக் கடதாசிக் கடைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். நான் மேலே எழுதியது நினைவில் நின்ற அளவுதான். சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிய வரியை அவள் இதைவிட நன்றாக எழுதியிருந்தாள்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைத் தமிழாசிரியர் ஒருவர்,
கல்முனை.