ஹீத்ரூல இறங்குற புள்ளைங்களுக்கு வழி சொல்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

லண்டன்ல தமிழ் மாணவர் குரூப், ஊர்க்காரங்க குரூப், கோயில் குரூப்னு வாட்ஸப்ல நடத்திட்டு வர்ற அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

நீங்க செய்யறது சின்ன வேலை இல்லங்க. முகம் தெரியாத ஒரு புள்ள ராத்திரி ரெண்டு மணிக்கு "அக்கா நாளைக்கு ஃப்ளைட், ஹீத்ரூல இருந்து எப்படி வர்றது"ன்னு கேட்டா தூக்கக் கலக்கத்துலயும் பதில் போடறீங்க. நானும் ஒன்பது வருஷம் முன்னாடி மதுரையில இருந்து அப்படி ஒரு பதில நம்பித்தான் வந்து சேர்ந்தேன், அதனால இத குறையா எடுத்துக்காதீங்க, மனசுல ஒரு விஷயம் ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு, அத உங்ககிட்டதான் சொல்லணும்.

போன செப்டம்பர்ல எங்க சொந்தத்துல ஒரு தம்பி படிக்க வந்தான். தங்குற ரூம் கிழக்கு லண்டன் இல்ஃபோர்ட்ல. எனக்கு அன்னைக்கு லீவு கிடைக்கல, பேடிங்டன் ஸ்டேஷன்ல வந்து கூட்டிக்கறேன்னு சொல்லியிருந்தேன். ஏதோ ஒரு குரூப்ல "ஹீத்ரூ எக்ஸ்பிரஸ்தான் பெஸ்ட், 15 நிமிஷம், கண்ண மூடிட்டு ஏறு"ன்னு போட்டிருந்தாங்கன்னு அவன் 25 பவுண்டு குடுத்து அந்த ஏர்போர்ட் ரயில்ல வந்துட்டான். நம்ம ஊர் காசுக்கு கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபா. ரெண்டு பெரிய பெட்டி, முதுகுல ஒரு பை, கையில நைலான் கயிறு கட்டின அட்டைப்பெட்டி, அதுல அவங்க அம்மா மார்க்கர்ல பேரும் போன் நம்பரும் எழுதி மேல செல்லோடேப் ஒட்டியிருந்தாங்க, உள்ள வடகமும் பருப்புப் பொடியும். அந்தக் கயிறு அவன் விரல்ல ஆழமா பதிஞ்சு செவந்து கெடந்துச்சு. ரெண்டு பேருமா ஸ்டேஷன குறுக்க கடந்து, கீழ இறங்கி, இல்ஃபோர்ட் போற எலிசபெத் லைன்ங்கற ரயிலோட பிளாட்பாரத்துக்கு வந்து நின்னோம். ரயில் வந்துச்சு. உள்ள ஏறி உக்காந்ததும் மேல இருந்த மேப்ப பாத்துட்டு இருந்தவன் என்கிட்ட கேட்டான், "அக்கா, இது ஹீத்ரூல இருந்தே வருதா?"

ஆமாண்டா, அங்கேயே ஏறியிருக்கலாம்னு சொல்ல எனக்கு வாய் வரல.

ஹீத்ரூ எக்ஸ்பிரஸ் மேல ஒரு தப்பும் இல்ல. 1998ல இருந்து ஓடுது, 15 நிமிஷம்னா 15 நிமிஷத்துல கொண்டுவந்து விடுது, கால் மணிக்கு ஒண்ணு இருக்கு. ஆனா அது பேடிங்டனோட நின்னுடும். பேடிங்டன் பக்கத்துலயே தங்குறவங்களுக்கும், அங்க இருந்து வேற ஊருக்கு ரயில் புடிக்கறவங்களுக்கும் அது சரியான வண்டிதான், தேதி முடிவாகி ரொம்ப முன்னாடியே புக் பண்ணா 10 பவுண்டுல இருந்து டிக்கெட் கெடைக்குது, அப்படின்னா தாராளமா எடுக்கலாம். இல்ஃபோர்ட், ஈஸ்ட் ஹாம் போற புள்ளைக்கு அதுல என்ன லாபம், நீங்களே சொல்லுங்க. மிச்சமாகுற கால் மணி நேரம் பேடிங்டன்ல பெட்டிய இழுக்கறதுலயே போயிடுது.

அந்த பதில் எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்கு புரியுது. ஒரு காலத்துல அது ஓரளவுக்கு நியாயமான பதில்தான். எலிசபெத் லைன் 2022 மே 24ம் தேதிதான் தொறந்தாங்க, அப்பவும் ஹீத்ரூவுல இருந்து வர்ற வண்டி பேடிங்டன்லயே நின்னுட்டு இருந்துச்சு, இறங்கி மாறணும். அந்த வருஷம் நவம்பர்லதான் ஹீத்ரூல ஏறினா நகரத்துக்கு அடியிலயே நேரா கெழக்க போற மாதிரி ஆச்சு. அதுக்கு முன்னாடி எழுதின மெசேஜ்தான் இன்னும் ஃபார்வர்ட் ஆகி ஆகி சுத்திட்டு இருக்கு. இப்போ லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கு ஒரே வண்டியில சுமாரா 40 நிமிஷம், ஏசி இருக்கு, ஹீத்ரூலயும் நடு லண்டன் சுரங்க ஸ்டேஷன்கள்லயும் பிளாட்பாரமும் வண்டியும் சம மட்டம், பெட்டிய தூக்கவே வேணாம், உருட்டிட்டு உள்ள போயிடலாம்.

அதுக்காக "எல்லாரும் எலிசபெத் லைன்ல வாங்க"ன்னு புதுசா ஒரு மெசேஜ் போட்டுடாதீங்க, நான் கேக்கறது அது இல்ல. எது நல்ல ரயில்னு அந்தப் புள்ள கேட்டா, பதில் சொல்றதுக்கு முன்னாடி நாம திருப்பி கேக்கணும். எங்கடா தங்கப் போற, எந்த டெர்மினல், எத்தன பெட்டி, எத்தன மணிக்கு இறங்குற. இத கேக்காம சொல்ற எந்த பதிலும் பாதி பேருக்கு தப்பாத்தான் போகும்.

ஈஸ்ட் ஹாம்னா எலிசபெத் லைன்ல வைட்சேப்பல் வந்து டிஸ்ட்ரிக்ட் லைன் மாறிக்கலாம். டூட்டிங்னா லிவர்பூல் ஸ்ட்ரீட்ல இறங்கி அதே பிளாட்பாரத்தோட இன்னொரு கோடிக்கு போனா மூர்கேட், அங்க நார்தர்ன் லைன், இது நெறைய பேருக்கு தெரியவே மாட்டேங்குது. வெஸ்ட் ஈலிங்ல தங்குறவங்க நடு லண்டன் பக்கமே போக வேணாம், அதே எலிசபெத் லைன்ல கொஞ்ச தூரத்துலயே இறங்கிடலாம், காசும் கம்மி. (எங்க அம்மா மொத தடவ வந்தப்போ வீட்டுக்குக்கூட வராம அங்க இறங்கி கனக துர்க்கை அம்மன கும்பிட்டுட்டுதான் வந்தாங்க.) ஹாரோ போற ஆளுக்கு ரயிலே வேணாம், ஹீத்ரூ சென்ட்ரல் பஸ் ஸ்டேஷன்ல இருந்து எஸ்எல்9 பஸ் நேரா ஹாரோ போகுது, பஸ் டிக்கெட்தான் ஆகும். ஹாரோக்காரன பேடிங்டனுக்கு அனுப்பி திரும்ப மேற்க வரவைக்கறது பாவம்ங்க.

டெர்மினல் ஏன் கேக்கணும்னா, கத்தார் ஏர்வேஸ்ல வர்ற புள்ளைங்க டெர்மினல் 4ல இறங்குவாங்க, அங்க ஹீத்ரூ எக்ஸ்பிரஸே வராது. எலிசபெத் லைன் வரும், பிக்கடில்லி லைன்ங்கற சுரங்க ரயிலும் வரும். டெர்மினல் விட்டு டெர்மினல் ரயில்ல போறது இலவசம்னும் சொல்லிடுங்க, புதுசா வர்றவங்க அதுக்கும் டிக்கெட் எடுக்கணும்னு பயந்துக்கறாங்க.

காசு விஷயத்துல பிக்கடில்லி லைன அடிச்சுக்க ஆள் கெடையாது. 2025ல நடு லண்டனுக்கு அதுல 5.80 பவுண்டு, எலிசபெத் லைன்ல 13.90 இருந்துச்சு. பகுதி நேர வேலைகூட இன்னும் கெடைக்காத புள்ளைக்கு அந்த எட்டு பவுண்டு பெருசு, ரெண்டு மூணு நாள் சாப்பாட்டுக்கு ஆகும். ஒரே பெட்டி, பகல் நேரம், அவசரம் இல்லன்னா நானே பிக்கடில்லியத்தான் சொல்வேன், ஹீத்ரூலயே கெளம்புற வண்டிங்கறதால உக்கார எடம் கெடைக்கும், நடு லண்டனுக்கு ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். ஆனா ஒண்ணு, எந்த ஸ்டேஷன்ல இறங்கறாங்கன்னு பாக்காம சொல்லாதீங்க. கிரீன் பார்க், கிங்ஸ் கிராஸ்ல லிஃப்ட் இருக்கு. லெஸ்டர் ஸ்கொயர்ல கெடையாது. 23 கிலோ பெட்டி ரெண்டோட அங்க போய் நிக்கற புள்ளைய யோசிச்சு பாருங்க. வயசான அப்பா அம்மாவ கூட்டிட்டு வர்றவங்களுக்கு அந்த எட்டு பவுண்ட பாக்காதீங்கன்னு நான் தைரியமா சொல்வேன்.

நேரமும் முக்கியம். நடு ராத்திரி தாண்டி வெளிய வந்தா எலிசபெத் லைன் இருக்காது. வெள்ளி, சனி ராத்திரின்னா பிக்கடில்லி விடிய விடிய ஓடும், ஆனா டெர்மினல் 4க்கு அந்த நேரத்துல வராது. மத்த நாள்ல என்9 பஸ்தான்.

கார்டு பத்தி ரெண்டு வரி கண்டிப்பா சேத்துடுங்க. டிக்கெட் கவுண்டர் தேடி அலைய வேணாம், கான்டாக்ட்லெஸ் பேங்க் கார்ட கேட்ல டேப் பண்ணா போதும், ஆளுக்கு ஒரு கார்டு வேணும், 11 வயசுக்கு கீழ உள்ள கொழந்தைங்களுக்கு பெரியவங்க கூட வந்தா டியூப்ங்கற சுரங்க ரயில்லயும் எலிசபெத் லைன்லயும் காசு கெடையாது. உள்ள போறப்ப போன்ல டேப் பண்ணிட்டு வெளிய வர்றப்ப கார்டுல டேப் பண்ணிடக்கூடாது, ரெண்டும் தனித்தனி கணக்கா எடுத்துக்கிட்டு ரெண்டுலயும் அதிகபட்ச கட்டணம் புடிச்சுடுவாங்க. பேட்டரி சாகப்போற போன நம்பி டேப் பண்ண வேணாம்னு அதனாலதான் சொல்றேன், கார்டையே பையில இருந்து எடுக்க சொல்லுங்க.

குரூப்ல மேல பின் பண்ணி வெச்சிருக்கற அந்த பழைய மெசேஜ தயவுசெஞ்சு எடுத்துடுங்க. அதுக்கு பதிலா அந்த நாலு கேள்விய மொதல்ல போட்டு, கீழ ஏரியா வாரியா வழி எழுதி, எந்த மாசம் எழுதினதுன்னு தேதி போடுங்க. கட்டணம் வருஷா வருஷம் மார்ச் மாசத்துல மாறுது, அப்போ ஒரு தடவ யாராவது உக்காந்து பாத்து திருத்தினா போதும். அந்த வேலைக்கு ஆள் இல்லன்னா என்னைய போட்டுக்கோங்க, நான் மனசாரத்தான் சொல்றேன்.

செப்டம்பர் பேட்ச் புள்ளைங்க இப்பவே டிக்கெட் போட ஆரம்பிச்சிருப்பாங்க. ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட், மேனர் பார்க் பக்கத்து வழியெல்லாம் நான் எழுதி வெச்சிட்டேன். ஹாரோ, அல்பெர்டன், டூட்டிங் பக்கம் இருக்கறவங்க உங்க ஏரியாவ எழுதி இந்த வாரக் கடைசிக்குள்ள அனுப்புங்க, ஞாயித்துக்கிழமை சேத்து எல்லா குரூப்புக்கும் போட்டுடலாம்.

இப்படிக்கு,
இல்ஃபோர்ட்ல இருந்து உங்க அக்காக்கள்ல ஒருத்தி